நாலு பேர் என்ன சொல்வார்கள்?

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற கேள்வி கேட்கப்படாத வீடு எங்கள் ஹாலிஎலயில் இருக்க முடியாது. பண்டாரவளை வீதியில் கடை வைத்திருப்பவரின் வீட்டிலும் இது கேட்கப்படுகின்றது. மலைமேல் லயத்து வீட்டிலும் கேட்கப்படுகின்றது. மகளின் நிக்காஹ்வை வீட்டோடு முடிப்பதா, பதுளையில் மண்டபம் எடுப்பதா என்று பேச்சு வரும். வாப்பா கையிருப்பைக் கணக்குப் பார்ப்பார். உம்மா நகையைக் கணக்குப் பார்ப்பார். கடைசியில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். அத்துடன் கணக்கு முடிந்துவிடும். கடன் ஆரம்பமாகும்.

நான் உயர்தர வகுப்பில் பொருளியல் கற்பிப்பவள். “டீச்சர், வீண்விரயம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆவிலும் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் அதையே செய்கிறார்கள்?” என்று மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. இது நல்ல கேள்வி. “மனிதருக்குப் பெருமை பிடிக்கும்” என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பெருமையே பிடிக்காதவர்களும் இதே செலவைச் செய்கிறார்களே, அது ஏன்? இதற்குப் பொருளியல் அறிஞர்கள் கண்ட விளக்கத்தை மாணவிகளும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் இங்கே தர முயல்கின்றேன்.

பாடநூலில் வரும் நுகர்வோர்

நமது பாடநூலில் நுகர்வோர் என்று ஒருவர் வருவார். அவரிடம் ஒரு வருமானம் உண்டு. பொருட்களுக்கு விலை உண்டு. தமக்குக் கிடைக்கும் பயன்பாடு உச்சமாகும் வகையில் அவர் பொருட்களைத் தெரிவு செய்வார். இதுதான் அடிப்படை மாதிரி. பல விடயங்களை விளக்க இது போதும். மழையினால் பதுளைச் சந்தைக்கு மரக்கறி குறைவாக வந்தால் விலை ஏன் ஏறுகின்றது என்பதை இது சரியாகவே விளக்கும்.

ஆனால் அந்த நுகர்வோருக்கு அயல்வீடு கிடையாது. அவர் குடிக்கும் தேநீரின் சுவை, பக்கத்து வீட்டார் என்ன குடிக்கிறார்கள் என்பதில் தங்கியிருப்பதில்லை. தேநீருக்கு இது பொருந்தலாம். திருமண மண்டபத்துக்கும், கழுத்தில் போடும் நகைக்கும், வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்துக்கும் பொருந்துமா? அங்கே நாம் பெறும் பயன்பாட்டில் பெரும்பகுதி, மற்றவர் என்ன வைத்திருக்கிறார் என்பதிலேயே தங்கியிருக்கின்றது. ஆகவே நுகர்வோரின் கணக்குக்குள் அந்த “நாலு பேரையும்” கொண்டுவர வேண்டிய தேவை பொருளியலாளர்களுக்கு ஏற்பட்டது.

ஆடம் ஸ்மித் சொன்ன சட்டை

இதைக் கவனித்தவர்களுள் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தும் ஒருவர். 1776 இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில், அத்தியாவசியப் பொருள் என்றால் என்ன என்று ஆராயும் இடத்தில் அவர் லினன் சட்டையை உதாரணமாக எடுக்கின்றார். பண்டைய கிரேக்கரும் ரோமரும் லினன் சட்டை இல்லாமலேயே வசதியாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாட்கூலித் தொழிலாளிகூட அந்தச் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார் என்கிறார் ஸ்மித். உயிர் வாழ அது தேவையில்லை. மனிதராக நாலு பேர் முன்னிலையில் நிற்பதற்குத் தேவை. ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருளே என்பது அவருடைய முடிவு.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அமர்த்தியா சென் இந்தச் சட்டையை மீண்டும் கையில் எடுத்தார். வெட்கமின்றி வெளியில் நடமாட முடிவது எல்லா மனிதருக்கும் வேண்டிய ஓர் ஆற்றல். அந்த ஆற்றல் எங்கும் ஒன்றுதான். அதைப் பெறத் தேவைப்படும் பொருள்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகின்றது என்று அவர் விளக்கினார்.

இதை நாம் மறந்துவிடக் கூடாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் கடன் வாங்கிப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால், “இவர்களுக்கு ஏன் இந்த ஆடம்பரம்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அது ஆடம்பரமன்று. வகுப்பில் தன் பிள்ளை தலைகுனியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் செலவு. ஸ்மித்தின் சட்டை அது. மற்றவருக்குச் சமமாக நிற்க விரும்புவது ஒன்று. மற்றவருக்கு மேலாக நிற்க விரும்புவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஏழைகளைக் குறை சொல்வது நியாயமில்லை.

வெப்ளன் கண்ட பகட்டு

மேலாக நிற்க விரும்பும் ஆசையை விரிவாக எழுதியவர் அமெரிக்கப் பொருளியலாளர் தோஸ்டைன் வெப்ளன். 1899 இல் வெளிவந்த ‘ஓய்வு வர்க்கம் பற்றிய கோட்பாடு’ என்ற நூலில் ‘பகட்டு நுகர்வு’ என்ற கருத்தை அவர் முன்வைத்தார். செல்வம் இருந்தால் மட்டும் மதிப்புக் கிடைக்காது, அது பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் சாரம். விலை ஏறினால் கேள்வி குறைய வேண்டும் என்ற கேள்வி விதிக்கு விதிவிலக்காக, விலை உயர்ந்தது என்பதாலேயே விரும்பப்படும் பொருட்களை ‘வெப்ளன் பொருட்கள்’ என்று நாம் வகுப்பில் படிப்பது இவருடைய பெயரால்தான்.

எமது மலையகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தோட்டங்களின் அமைப்பிலேயே அந்தஸ்து தெரிந்தது. துரையின் பங்களா உயரத்தில் இருந்தது. உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் தனியாக இருந்தது. லயங்கள் வரிசையாகக் கிடந்தன. பழைய பெரிய கங்காணிமார் கோட்டும் தலைப்பாகையும் அணிந்தது ஊவாவின் குளிருக்காக மட்டுமா? தூரத்தில் வரும்போதே யார் வருகிறார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான். வறியவர்களும் இந்தப் பழக்கத்தை முற்றாக விட்டுவிடுவதில்லை என்று வெப்ளன் எழுதியிருக்கின்றார். கங்காணியின் கோட்டு மறைந்துவிட்டது. பெரிய பிள்ளையான சடங்குக்குக் கட்டப்படும் பதாகையும் ஒலிபெருக்கியும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

ஒரு சிறு கணக்கு

இனி மாதிரிக்கு வருவோம். வழமையான மாதிரியில் ஒருவரின் பயன்பாடு அவருடைய நுகர்வில் மட்டும் தங்கியுள்ளது. புதிய மாதிரியில் இன்னொரு பகுதி சேர்கின்றது. அவருடைய நுகர்வுக்கும் சுற்றியுள்ளவர்களின் நுகர்வுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த ஒரு மாற்றம் என்ன செய்கின்றது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்க்கலாம்.

இரண்டு குடும்பங்கள். ஒவ்வொன்றிடமும் 15 இலட்சம் ரூபா இருக்கின்றது. எளிய கல்யாணத்துக்கு 5 இலட்சம் போதும். மீதி 10 இலட்சம் பிள்ளைகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ மிஞ்சும். ஆடம்பரக் கல்யாணத்துக்கு 15 இலட்சமும் போய்விடும். மிஞ்சும் ஒவ்வோர் இலட்சத்துக்கும் ஒரு புள்ளி கொடுப்போம். மற்றக் குடும்பத்தை விட மேலாகத் தெரிந்தால் 12 புள்ளி கூடும். கீழாகத் தெரிந்தால் 12 புள்ளி குறையும். சமமாக இருந்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இருவரும் எளிமையாகச் செய்தால்: ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி.
ஒருவர் ஆடம்பரமாகவும் மற்றவர் எளிமையாகவும் செய்தால்: ஆடம்பரமாகச் செய்தவருக்கு 12, எளிமையாகச் செய்தவருக்கு 2 புள்ளி நட்டம்.
இருவரும் ஆடம்பரமாகச் செய்தால்: இருவருக்கும் 0.

இப்போது முதலாவது குடும்பத்தின் இடத்தில் இருந்து யோசியுங்கள். மற்றவர் எளிமையாகச் செய்வார் என்றால், எனக்கு எளிமையில் 10, ஆடம்பரத்தில் 12. ஆகவே ஆடம்பரம். மற்றவர் ஆடம்பரமாகச் செய்வார் என்றால், எனக்கு எளிமையில் 2 புள்ளி நட்டம், ஆடம்பரத்தில் 0. அப்போதும் ஆடம்பரம். மற்றவர் எதைச் செய்தாலும் என் பதில் ஒன்றுதான். இரண்டாவது குடும்பமும் இதே போலத்தான் யோசிக்கும். முடிவில் இரண்டும் ஆடம்பரமாகச் செய்து பூச்சியத்தில் வந்து நிற்கும். இருவரும் எளிமையாகச் செய்திருந்தால் தலைக்குப் பத்துப் புள்ளி இருந்திருக்கும்.

இரண்டு நிலையிலும் இருவரும் சமமே. யாரும் யாருக்கும் மேலாகவில்லை. மதிப்பில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு வீட்டிலும் பத்துப் பத்து இலட்சம் மட்டும் காணாமற் போயிருக்கின்றது.

இல்ல விளையாட்டுப் போட்டியன்று இதைக் கண்ணால் காணலாம். முன்வரிசைப் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க எழுந்து நிற்பார்கள். பின்வரிசையும் எழும்ப வேண்டிவரும். சற்று நேரத்தில் எல்லோரும் நிற்பார்கள். உட்கார்ந்திருந்தபோது தெரிந்ததை விட அதிகமாக யாருக்கும் தெரியாது. கால்வலி மட்டும் மிச்சம். பிரெட் ஹேர்ஷ் என்ற பொருளியலாளர் 1976 இல் எழுதிய நூலில், வளர்ச்சி அடைந்த நாடுகளிலும் மக்கள் ஏன் திருப்தி அடையவில்லை என்பதை இந்தப் போக்கைக் கொண்டே விளக்கினார். இடத்தைப் பொறுத்து மதிப்புப் பெறும் பொருட்களை எல்லோருக்கும் கூட்டிக் கொடுக்க முடியாது என்பது அவர் கருத்து.

இந்தக் கணக்கில் மூன்றாவது குடும்பம் ஒன்றும் உண்டு. அவர்களிடம் இருப்பதே 5 இலட்சம். எல்லோரும் எளிமையாகச் செய்த காலத்தில் அவர்களும் தலைநிமிர்ந்து மகளைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். வசதி படைத்தவர்கள் அளவுகோலை உயர்த்தியதும், இவர்கள் ஒன்றும் செய்யாமலேயே கீழே போய்விட்டார்கள். ஆற்றில் கழிவு விடும் தொழிற்சாலை கீழே குடியிருப்பவனுக்கு ஏற்படுத்தும் பாதிப்பை வெளிவாரி விளைவு என்று படிக்கின்றோம். ஆடம்பரக் கல்யாணமும் அப்படியான ஒரு கழிவை ஊருக்குள் விடுகின்றது. “என் பணம், நான் செலவழிக்கின்றேன்” என்பது முழு உண்மையன்று. அதன் ஒரு பகுதியை இன்னொருவர் கடனாகக் கட்டுகின்றார்.

அந்தக் கடனின் பாரத்தை அறிய ஒரு கணக்கு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபடி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 15 இலட்சத்தை அதனால் வகுத்தால் 1,111 நாட்கள். ஒரு நாளும் ஓய்வில்லாமல், ஒரு நேரமும் சாப்பிடாமல், மூன்று வருடம் பேர் போட்டால் சேரும் தொகை அது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

எல்லாப் பொருளிலும் இந்தப் போட்டி இருப்பதில்லை. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில் சாரா சொல்னிக், டேவிட் ஹெமன்வே ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பாடசாலையைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் 50,000 டொலர் உழைத்து மற்றவர்கள் 25,000 உழைக்கும் உலகம் வேண்டுமா? அல்லது நீங்கள் 100,000 உழைத்து மற்றவர்கள் 200,000 உழைக்கும் உலகம் வேண்டுமா? விலைவாசி இரண்டிலும் ஒன்றே. ஏறக்குறைய அரைவாசிப் பேர் முதலாவதைத் தெரிவு செய்தார்கள். கையில் வரும் பணம் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களை விடக் கூட இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது பெரும்பாலானோர் ஒப்பிடவில்லை. மற்றவருக்கு எவ்வளவு கிடைத்தாலும் தமக்கு அதிக நாள் கிடைப்பதையே விரும்பினார்கள்.

இந்த வேறுபாட்டை வைத்து ரொபர்ட் பிராங்க் என்ற பொருளியலாளர் ஒரு முக்கியமான முடிவுக்கு வருகின்றார். பிறர் கண்ணில் படும் பொருளுக்கு நாம் அளவுக்கு மீறிச் செலவழிக்கின்றோம். படாத பொருளுக்குக் குறைவாகச் செலவழிக்கின்றோம். நகை, மண்டபம், மேடை அலங்காரம், ட்ரோன் கமரா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வங்கியில் உள்ள சேமிப்பு, பிள்ளையின் ஆங்கில வகுப்பு, உம்மாவின் சீனி வருத்தத்துக்கான மருந்து, வாப்பா நிம்மதியாக உறங்கும் இரவு, இவை எதுவும் கல்யாண அல்பத்தில் வராது. ஆகவே வெட்டு விழுவது இவற்றுக்குத்தான்.

அந்த நாலு பேர் யார் என்பதும் முக்கியம். லயத்தில் இருப்பவர் துரையோடு தம்மை ஒப்பிடுவதில்லை. மத்திய கிழக்குக்குப் போய் வந்த அடுத்த காம்பராக் குடும்பத்தோடுதான் ஒப்பிடுவார். சேமிப்புப் பற்றி 1949 இல் எழுதிய ஜேம்ஸ் டியூசன்பரி, ஒருவர் எவ்வளவு சேமிக்கிறார் என்பது அவருடைய வருமானத்தை விட, சுற்றியுள்ளவர்களுக்குள் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதிலேயே தங்கியுள்ளது என்றார். அன்று சுற்றியுள்ளவர் என்றால் ஊரார். இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் கொழும்புக் கல்யாணமும் துபாய்க் கல்யாணமும் வந்து நிற்கின்றன. நம்முடைய நாலு பேர் நாலாயிரம் பேராகிவிட்டார்கள்.

பெருமை பிடிக்காதவர் ஏன் செய்கிறார்?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். பகட்டே விரும்பாத பெற்றோரும் ஏன் கடன் வாங்குகிறார்கள்?

1992 இல் ஹெரல்ட் கோல், ஜோர்ஜ் மெய்லத், அன்ட்ரூ போஸ்ட்ல்வெய்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட மாதிரி இதற்குப் பதில் தருகின்றது. அவர்களுடைய மாதிரியில் வரும் மனிதருக்கு அந்தஸ்து ஆசை கொஞ்சமும் கிடையாது. ஆனால் யாருக்கு யார் வாழ்க்கைத் துணையாவது என்பது சமூகத்தில் உள்ள இடத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. கடையில் பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்று, இடத்தைக் கொண்டு பங்கிடப்படுகின்றது. அப்படி ஒரு வழமை இருந்தால், அந்தஸ்து ஆசை இல்லாதவரும் பிள்ளைக்காக அது இருப்பவரைப் போலவே நடப்பார்.

நம்முடைய பெற்றோரில் பெரும்பாலோர் இந்த மனிதரே. “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் நாளைக்கு இளையவளுக்கும் மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே” என்பதில் பெருமை எங்கே இருக்கின்றது? அதில் இருப்பது பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கின்றது. அதனால்தான் பெருமைக்கு எதிரான உபதேசம் அவர்களுக்குள் இறங்குவதில்லை. பெருமை அடிப்பவருக்குச் சொல்லும் மருந்து அது. இவர்களுடைய நோய் வேறு.

தென்னிந்தியாவில் கர்நாடகக் கிராமங்களில் மட்பாண்டத் தொழில் செய்யும் குடும்பங்களை விஜயேந்திர ராவ் பல காலம் ஆராய்ந்தார். பிரான்சிஸ் புளொக், சொனால்தே தேசாய் ஆகியோருடன் சேர்ந்து 2004 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கல்யாண விருந்தை ஊருக்கு அனுப்பும் ஓர் அறிவித்தலாகப் பார்க்கின்றது. ஒரே ஊருக்குள் பெண் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டாரின் தரம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கொண்டாட்டத்துக்குச் செலவு குறைவு. வெளியூரில் கொடுக்கும்போது, “நாங்கள் நல்ல இடத்தில்தான் சம்பந்தம் செய்திருக்கிறோம்” என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருக்கின்றது. அங்கே செலவு கூடுகின்றது. உங்கள் உம்மம்மாவின் கல்யாணம் எந்த ஊருக்குள் நடந்தது, உங்கள் தலைமுறைக் கல்யாணங்கள் எங்கெங்கே நடக்கின்றன என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். செலவு கூடியதற்கு ஒரு காரணம் அதில் கிடைக்கலாம்.

அதே ராவ் 2001 இல் எழுதிய இன்னோர் ஆய்வு, திருவிழாக்களுக்குச் செலவழிக்கும் குடும்பங்களுக்குப் பின்னர் உணவுப் பொருட்கள் சற்று மலிவாகக் கிடைப்பதையும், விருந்துகளுக்கு அழைப்பு அதிகம் வருவதையும் காட்டியது. ஆகவே இப்படிச் செலவழிப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரும் தம் நிலையிலிருந்து சரியாகவே கணக்குப் பார்க்கிறார்கள். எல்லோருடைய சரியான கணக்கும் ஒன்றாகச் சேரும்போது ஊரே கடனில் விழுகின்றது. இந்த மாதிரிகள் நமக்குச் சொல்லித் தரும் பாடம் இதுதான்.

விட்டுக்கொடுத்தது எது?

ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த ஒன்றே அமையச் செலவு. மண்டபத்தின் அமையச் செலவு என்ன? பல வீடுகளில் அது மகளின் படிப்பு. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையைத் தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் காசில்லை என்று சொல்லும் வீட்டில், இரண்டு வருடம் கழித்துக் கைக்கூலிக்கு எப்படியோ காசு வந்துவிடுகின்றது. கைக்கூலி நாலு பேருக்குத் தெரியும். பட்டம் கிடைக்க நாலு வருடம் ஆகும்.

கைக்கூலி பற்றி மாணவிகள் அறிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கைக்கூலி என்பது மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் சொத்து. அது மனைவிக்கு உரியது. காதி நீதிமன்றத்தின் மூலம் அதைத் திருப்பிக் கேட்க மனைவிக்கு வழி உண்டு. மாப்பிள்ளையின் விலையாகச் சட்டம் அதைக் கருதவில்லை. ஆனால் நடைமுறையில் படித்த மாப்பிள்ளைக்கு இவ்வளவு, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இவ்வளவு என்று அது ஓர் ஏலத் தொகையாகிவிட்டது. மணமகன் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் சில ஆயிரங்களில் நிற்கும்போது, பெண் வீட்டார் கொடுக்கும் தொகை இலட்சங்களில் ஓடுவதைப் பார்க்கின்றோம். நாலு பேருக்கும் தெரிய வேண்டியது மஹரின் தொகைதான் என்று நாம் பழகியிருந்தால் போட்டி எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும்.

ஒருவராக முடியாது, ஒன்றாக முடியும்

கணக்கை மீண்டும் பாருங்கள். தனியாக எளிமைக்கு மாறும் குடும்பத்துக்கு நட்டம். இருவரும் சேர்ந்து மாறினால் இருவருக்கும் இலாபம். ஆகவே தனித்தனி மனங்களைத் திருத்துவதோடு நின்றுவிடாமல், எல்லோரும் சேர்ந்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்த வேண்டும். இது நடக்கக்கூடியதா? நடந்திருக்கின்றது. உதாரணத்தை நீங்கள் உடம்பில் அணிந்திருக்கிறீர்கள்.

பாடசாலைச் சீருடை அப்படிப்பட்ட ஓர் ஒழுங்கு. தினமும் விரும்பிய உடையில் வரலாம் என்றால் இந்தக் கல்லூரியில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடைக்குள் நகைக்கடைக்காரரின் மகளும் நாட்கூலிக்காரரின் மகளும் ஒன்றே. 1993 முதல் அரசாங்கமே சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வந்ததால் ஸ்மித் சொன்ன வெட்கமும் குறைந்தது. ஒழுங்கு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் வெள்ளை உடுத்தியதற்காக யாரும் யாரையும் ஏழை என்று நினைப்பதில்லை.

இரண்டாவது உதாரணம் அண்மையது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றுக் காரணமாகத் திருமணங்களுக்கு வரும் விருந்தினர் தொகைக்குச் சுகாதார விதிகள் வரம்பு வைத்தன. வீட்டுக் கூடத்திலேயே நிக்காஹ்க்கள் நடந்தன. நெருங்கிய உறவினர் மட்டும் வந்தார்கள். அந்தக் கல்யாணங்களைப் பார்த்து “கஞ்சத்தனம்” என்று யாராவது சொன்னார்களா? நான் கேள்விப்படவில்லை. வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அளவில் செய்ததால் யாருடைய மதிப்பும் குறையவில்லை. அந்தத் தம்பதிகள் இன்று மற்றவர்களை விடக் குறைவாக வாழவுமில்லை. வரம்பு நீங்கியதும் அளவுகோல் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. ஏனென்றால் அந்த ஒழுங்கை ஏற்படுத்தியது நோய். நாம் ஏற்படுத்தவில்லை.

வெறும் சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. இந்தியா 1961 இல் வரதட்சணைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் இரகசியமாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சட்டத்தால் மட்டும் நிறுத்த முடியவில்லை. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கல்யாண விருந்தில் பிரதான கறி ஒன்றுதான் என்று வரையறுத்தது. விருந்து நாலு பேர் முன்னிலையில் நடப்பதால், மீறினால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் செலவை வரையறுப்பது, தெரியாத கொடுக்கல் வாங்கலை வரையறுப்பதை விட இலகுவானது.

நம் ஊர் அளவில் இதைச் செய்வதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. பள்ளிவாசல் ஜமாஅத் ஒன்று, வலீமாவுக்கு இத்தனை பேர், சாப்பாடு இன்னது என்று எல்லோருக்கும் பொதுவாகத் தீர்மானிக்கலாம். ஸஹன் சாப்பாடு ஏற்கனவே நம்மிடம் உள்ள நல்ல வழக்கம். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்காரும்போது அங்கே மேல் கீழ் கிடையாது. தோட்டத்தில் கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ சடங்குச் செலவுக்கு இப்படி ஓர் அளவு வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். முதலில் அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் வசதி உள்ளவர்கள். ஏழை எளிமையாகச் செய்தால் அது இல்லாமை என்றே பார்க்கப்படும். இருப்பவர் எளிமையாகச் செய்தால்தான் அளவுகோல் இறங்கும்.

மதிப்பை வேறு பக்கம் திருப்பவும் முடியும். மதிப்பு வேண்டும் என்ற எண்ணம் மனிதரை விட்டுப் போகாது. போகவும் தேவையில்லை. எதற்கு மதிப்புக் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கின்றது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குப் பாடசாலை வாசலில் பதாகை கட்டுகின்றோம். அதுவும் அந்தஸ்துதான். ஆனால் அந்தப் பதாகையைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை புத்தகத்தை எடுக்கும். அந்தப் போட்டியில் தோற்றவருக்கும் படிப்பு மிஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் நாலு பேரோடு மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். நீங்கள் அவர்களுக்குப் பயப்படுவதைப் போலவே அவர்களும் உங்களுக்குப் பயந்துகொண்டிருப்பது தெரியவரும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, “நம் பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை கல்யாணப் பேச்சில்லை, செய்யும்போது இந்த அளவுக்கு மேல் செலவில்லை” என்று முடிவெடுத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற நாலு வீடுகள் துணை. மாணவிகளே, இந்தப் பேச்சை வீட்டில் முதலில் ஆரம்பிக்க வேண்டியவர்கள் நீங்கள். கணக்கைக் காட்டிப் பேசுங்கள். வாப்பாமார் கணக்குக்குச் செவி கொடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.